ஜல்லி லோடு வாங்கும் முன் டேப்பை எடுங்க!



ரமணாசிரமம் பக்கத்தில் குழுக் கடன் வாங்கி வீடு கட்டும் ஒரு அக்கா, போன மாதம் என்னிடம் வந்தார். "மேடம், ஒரு யூனிட்னு சொல்லி ஜல்லி கொண்டாந்தாங்க. பெட்டிய நானே அளந்தேன். டிரைவர் 120 கன அடிங்கறாரு, என் பையன் 45ங்கறான். எதை நம்புறது?" என்றார்.

ஜல்லி, மணல் வியாபாரத்தில் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. அக்கா அளந்த டிராக்டர் பெட்டியின் உள் அளவு: நீளம் 9½ அடி, அகலம் 5½ அடி, உயரம் 1¾ அடி.

பையன் அரை, முக்காலை எல்லாம் விட்டுவிட்டு 9 × 5 × 1 = 45 என்று போட்டான். டிரைவர் எல்லாவற்றையும் முழுசாக்கி 10 × 6 × 2 = 120 என்றார். பெட்டி ஒன்றுதான், கணக்கு மட்டும் இரண்டு. இரண்டுமே தப்பு.

சரியான கணக்கு எப்படி?

முதலில் ஒரு விஷயம். எல்லாப் பக்கமும் ஒரு அடி உள்ள பெட்டி ஒரு கன அடி. அதில் அரை அடிக் கட்டிகளை அடுக்கினால் கீழே 4, மேலே 4, ஆக 8 கட்டி பிடிக்கும். அப்படியானால் அரை அடிக் கட்டி அரை கன அடி இல்லை. அரைக்கால் கன அடிதான்.

இதே மாதிரி அக்காவின் பெட்டியைப் பார்ப்போம்.

1. நீளம் 9½ அடியில் 19 அரை அடி இருக்கிறது.
2. அகலம் 5½ அடியில் 11 அரை அடி.
3. உயரம் 1¾ அடியில் 7 கால் அடி.
4. பெருக்குங்கள்: 19 × 11 × 7 = 1,463 சின்னக் கட்டிகள்.
5. ஒரு கன அடிக்கு இந்தக் கட்டி 2 × 2 × 4 = 16 வேண்டும். நம் பாட்டிமார் சொன்ன வீசம் இதுதான், பதினாறில் ஒரு பங்கு.
6. 1,463 ÷ 16 = 91, மீதி 7 வீசம்.

அதாவது சுமார் 91½ கன அடி. ஒரு யூனிட்டுக்கு 8½ கன அடி குறைவு! யூனிட் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு லோடுக்கு 340 ரூபாய் கையை விட்டுப் போகிறது. பத்து லோடு வாங்கினால் 3,400 ரூபாய். அது நாம் வட்டி கட்டி வாங்கிய பணம் அல்லவா?

அளக்கும்போது கவனிக்க:

* பெட்டியின் உள்பக்கத்தை அளக்கவும். தகட்டின் கனம் சேரக்கூடாது.
* ஜல்லியைச் சமமாகப் பரப்பிவிட்டு உயரம் பார்க்கவும்.
* 3 அங்குலம் கால் அடி, 6 அங்குலம் அரை அடி, 9 அங்குலம் முக்கால் அடி.
* லோடு கொட்டுவதற்கு முன்பே அளக்கவும். கொட்டிய பிறகு பேசிப் பயனில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோரும் போட்டுப் பாருங்கள்: நீளம் 3½ அடி, அகலம் 2½ அடி, உயரம் 2 அடி உள்ள தண்ணீர்த் தொட்டி எத்தனை கன அடி? (விடை: 17½. ஒரு கன அடிக்குச் சுமார் 28.3 லிட்டர் என்பதால், ஏறக்குறைய 495 லிட்டர் பிடிக்கும்.)

எழுதப் படிக்கத் தெரியாத அக்காமாருக்கும் அரை, கால், வீசம் மனசிலேயே இருக்கிறது. அவர்களைக் கணக்குச் சொல்லச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும்.