தகவல் துளி: மேசை மேல் ஒரு சினூக்

இராணுவ ஹெலிகாப்டர்களின் சிறு மாதிரிகளைச் சேகரிப்பவர்கள் பெரிதும் விரும்பும் அளவு, 72-இல் ஒரு பங்கு. அதாவது, அசலில் 6 அடி, மாதிரியில் ஓர் அங்குலம். 60 அடி விட்டமுள்ள சினூக் ஹெலிகாப்டரின் சுழல்விசிறி, இந்த அளவில் 10 அங்குலத்தில் அடங்கிவிடும்.

நல்ல மாதிரியை எப்படி அறிவது? சினூக்குக்கு முன்னும் பின்னுமாக இரண்டு சுழல்விசிறிகள். ஒவ்வொன்றிலும் மூன்று இறக்கைகள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழல்வதால் வால்விசிறி தேவையில்லை. பின்விசிறி முன்விசிறியைவிட உயரமாக இருக்க வேண்டும். இவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

சேகரிப்பாளர்கள் தேடிப்போகும் ஒரு சினூக், பிரிட்டனின் 'பிராவோ நவம்பர்'. 1982 ஃபாக்லாந்து போரில் 'அட்லாண்டிக் கன்வேயர்' கப்பல் தாக்கப்பட்டபோது, அதிலிருந்த மூன்று சினூக்குகள் அழிந்தன. அந்நேரம் வானில் பறந்துகொண்டிருந்ததால் பிராவோ நவம்பர் மட்டும் தப்பியது. பின்னர் ஒரே பயணத்தில் 81 வீரர்களைச் சுமந்தது. இன்று அது பிரிட்டனில், காஸ்ஃபோர்டு விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதன் மாதிரியை வாங்கினால், இசட்.ஏ.718 என்ற பதிவெண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.