நிறையாத தொட்டி

எங்கள் தெருவில் காதுகுத்தோ புதுமனைப் புகுவிழாவோ நடந்தால், பந்தி முடிந்ததும் ஆண்கள் நாற்காலியை வட்டமாகப் போட்டுக்கொள்வார்கள். பேச்சு நிலத்தின் விலையில் தொடங்கி, சிமென்ட், கம்பி என்று இறங்கி, கடைசியில் செப்டிக் டேங்கில் வந்து நிற்கும். போன காதுகுத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் பெருமையாகச் சொன்னார்: “வீடு கட்டி 22 வருஷம் ஆச்சு தம்பி. இன்னைக்கு வரைக்கும் ஒரு லோடு எடுத்ததில்லை. எல்லாம் மேஸ்திரி கைராசி.” சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் தொட்டிக்கும் எங்கள் போர்வெல்லுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்தான் இருக்கிறது.

இதே பெருமையை முதலில் பட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். வெசூல் என்ற ஊரில் ழான் லூயி மூராஸ் 1860களில் தன் வீட்டுக் கழிவுக்காக ஒரு தொட்டி கட்டினார். பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தால், உள்ளே நீரும் மேலே ஓர் ஏடும்தான். நிரம்பியிருக்க வேண்டிய திடக்கழிவைக் காணவே காணோம். 1881இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்டு கேமரன் இதே வேலையைப் பெரிய அளவில் செய்து, அழுகலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘செப்டிக்’ என்று பெயர் வைத்தார். உள்ளே போவதெல்லாம் கரைந்து மாயமாகிவிடும் என்ற நம்பிக்கை அப்போது பிறந்ததுதான். அது பாதி உண்மை. தகராறு அந்த மீதிப் பாதியில் இருக்கிறது.

செப்டிக் டேங்க் தண்ணீரைச் சுத்தம் செய்வதில்லை, நிற்க வைக்கிறது. நின்றால் கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் பாலாடை போல மேலே ஏடு கட்டும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர் ‘டி’ வடிவக் குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகும். இதற்கு ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை அவகாசம் வேண்டும். அடியில் கிடக்கும் கசடைக் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் தின்று மீத்தேனாகவும் வேறு வாயுக்களாகவும் மாற்றுகின்றன. ஆனால் மணலை, முடியை, நாரை, செத்த பாக்டீரியாக்களின் மிச்சத்தை யார் தின்பது? அது வருஷா வருஷம் ஏறும். கசடு ஏற ஏறத் தண்ணீர் நிற்க இடம் குறையும். அவகாசம் போதாமல் கசடும் சேர்ந்து வெளியே ஓடி, உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண்ணின் துளைகளை அடைக்கும். கக்கூஸில் தண்ணீர் இறங்க மறுக்கும்போதுதான் நமக்குச் சேதி வருகிறது. அதற்குள் கெட்டிருப்பது மண். மண்ணை லாரி வைத்து உறிஞ்ச முடியாது.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470இன்படி ஐந்து பேருக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், நீர் நிற்க ஒரு மீட்டர் ஆழம் போதும். சுமார் 1,100 லிட்டர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். நம்மூரில் எட்டடிக்கு ஆறடி என்று பெரிதாகத் தோண்டுகிறோம். அது தவறில்லை, எடுக்கும் இடைவெளி நீளும். ஆனால் 22 வருஷம் ஒரு லோடுகூட எடுக்காத தொட்டிக்குப் பெரும்பாலும் ஒரே விளக்கம்தான்: அதற்குத் தரை இல்லை. பக்கச் சுவரை எழுப்பி, அடியில் கான்கிரீட் போடாமல் மண்ணாகவே விட்டிருப்பார்கள். சிலர் உறை இறக்கி, அதையே செப்டிக் டேங்க் என்பார்கள். கைராசி என்று நாம் கொண்டாடுவது ஓட்டை.

அந்த ஓட்டை வழியாகக் கழிவு எங்கே போகிறது? உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் இடையே 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி விடச் சொல்கிறது அதே தரநிலை. ஒரு கிரவுண்டு மனையே 60க்கு 40 அடிதான். போதாததற்கு வாஸ்து. போர்வெல் ஈசானி மூலையில், செப்டிக் டேங்க் வாயு மூலையில் என்பது எங்கள் பக்கத்துக் கொத்தனார் முதல் ஜோசியர் வரை ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஒரு வீட்டை மட்டும் வரைந்து பார்த்தால், அழகாக எதிரெதிர் மூலை. கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் வரிசையாக வீடுகளை வரைந்து பாருங்கள். என் வடகிழக்கு மூலை முடியும் இடத்தில் பக்கத்து வீட்டின் வடமேற்கு மூலை தொடங்குகிறது. எல்லாரும் ஒழுங்காக வாஸ்து பார்த்ததால், தெரு முழுக்க ஒருவர் போர்வெல்லை இன்னொருவர் தொட்டி உரசிக்கொண்டு நிற்கிறது.

பராமரிப்பு என்று கேட்டால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. புதுத் தொட்டியை முதலில் தண்ணீரால் நிரப்புங்கள். மக்கிய சாணத்தைக் கரைத்து ஊற்றும் வழக்கத்தைத் தரநிலையே ஆதரிக்கிறது, ஆனால் தொடக்கத்தில் மட்டும். அதன்பின் கடையில் விற்கும் பாக்டீரியா பொட்டலம் வீண். வேண்டிய கிருமி தினமும் காலையில் இலவசமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நாப்கின், பொரித்த எண்ணெய், பாட்டில் பாட்டிலாக ஆசிட் வேண்டாம். வாஷிங் மெஷின் தண்ணீரைத் தென்னைக்கு விடலாம். வென்ட் பைப்பின் வாயில் ஒரு துண்டு நைலான் வலை கட்டுங்கள். யானைக்கால் நோய் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு இந்தத் தொட்டி நல்ல பிரசவ வார்டு. லாரி வந்தால் கொஞ்சம் கசடை மிச்சம் விடச் சொல்லுங்கள், அடுத்த சுற்றுக்கு அதுதான் உறைமோர். எடுத்த கசடு ஏரிக்கா, சுத்திகரிப்பு நிலையத்துக்கா என்று லாரிக்காரரிடம் கேட்கவும் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டக் கருங்குழியிலும் கோவை பெரியநாயக்கன்பாளையத்திலும் இதற்கென்றே நிலையங்கள் இருக்கின்றன.

மூடி மட்டும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். அதன்மேல் டைல்ஸ் ஒட்டி காரை நிறுத்துவதுதான் இன்றைய நாகரிகம். அடைத்துக்கொண்ட பிறகு உடைத்துத் திறக்கிறார்கள். ஹோஸ் எட்டாமல் போனால் ஓர் ஆளை இறக்குகிறார்கள். கசடைக் கிளறியதும் அதுவரை அடங்கிக் கிடந்த ஹைட்ரஜன் சல்பைடு குபீரென்று கிளம்பும். காற்றைவிடக் கனமானதால் அது உள்ளேயே தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம் என்று படித்திருக்கிறோம். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு சேர்ந்தாலே மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆள் சாய்கிறார். தூக்கப் போன இரண்டாவது ஆளும் சாய்கிறார். மெழுகுவர்த்தி எரிகிறதா என்று பார்ப்பது இந்த வாயுவைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிவுநீர்ச் சாவுகளுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. யோசிக்காமல் மூடிமேல் டைல்ஸ் ஒட்டிய வீட்டுக்காரருக்கும் அந்தச் சாவில் பங்குண்டு என்பேன்.

கொல்லும் அதே வாயுவை வைத்து ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறார்கள். குவாலியரில் மஞ்சாவும் சக ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட எளிய சோதனை அது. மருந்தில் தோய்த்த தாள் போட்ட சின்ன பாட்டில். அதில் தண்ணீர் பிடித்து, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வைத்தால் போதும். மலத்தோடு வரும் பாக்டீரியாக்கள் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். அது மருந்திலுள்ள இரும்போடு சேர்ந்து தண்ணீரைக் கறுப்பாக்கும்.

அந்தக் காதுகுத்து முடிந்த வாரம் ஒரு பாட்டில் வாங்கி, போர்வெல் குழாயில் பிடித்து, அடுப்படி அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலை எழுதுமை போல இருந்தது. எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சரி தம்பி, இது என் தொட்டியா, உன் தொட்டியா?”

பாட்டில் அதைச் சொல்லாது. எங்கள் தொட்டிக்கு அடி கான்கிரீட் உண்டா என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்கும் நினைவில்லை. வீட்டைக் கட்டிய மேஸ்திரி போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. மூடி, போர்ட்டிகோவில் எந்த டைல்ஸுக்கு அடியில் இருக்கிறது என்று இப்போது தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.