முன் பிரேக் ஜாம்: ஆறுறதுக்கு முன்னாடி பாருங்க

இன்னைக்கு ஒரு நேயர் கேள்வி. லோடு பிக்கப் வச்சிருக்கார். 20 கிலோமீட்டர் ஓடினதும் முன் வீல் ரெண்டும் பிடிச்சுக்குது, வண்டி இழுக்க மாட்டேங்குது. ஓரங்கட்டி அரை மணி நேரம் விட்டா சரியாயிடுது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனா ஒரு கோளாறும் தெரியல. பேட் மாத்தியாச்சு, காலிப்பரும் மாத்தியாச்சு, பிரச்சினை அப்படியே இருக்கு.

எங்க வேலையில இதை 'என் மெஷின்ல ஓடுதே' வகை பக்னு சொல்லுவோம். ஆறின வண்டியில தேடினா கிடைக்காது.

ஏன் சூட்டுல மட்டும் பிடிக்குது? பெடலிலிருந்து காலை எடுத்ததும் காலிப்பரில் இருக்கும் அழுத்தம் இறங்க வேண்டும். அதற்காகப் பல வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்னத் துவாரம் உண்டு. பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்தால்தான் அது திறக்கும், பிரேக் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். அது அடைபட்டால் பேட் லேசாக உரசும். உரசினால் சூடு, சூட்டில் ஆயில் விரியும். போக வழியில்லாததால் அழுத்தம் ஏறி இன்னும் இறுக்கும். ஆறினா ஆயில் சுருங்கும், வீல் தானா விட்டுடும்.

அதனால ஜாம் ஆன நிலையிலேயே சோதிக்கணும். சமதளத்துல நிறுத்தி, பின் வீலுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கி ஸ்டாண்டுல வைங்க. கியர் நியூட்ரல், இன்ஜின் ஆஃப். கண்ணாடியும் கையுறையும் போட்டுட்டு, காலிப்பர்ல இருக்கிற பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்க.

அப்பவும் வீல் சுத்தலையா? அழுத்தம் காரணமில்லை. காலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ துருப்பிடிச்சு மாட்டியிருக்கு.

ஆயில் பீச்சி அடிச்சு வீல் விட்டுதா? அப்போ கோளாறு காலிப்பருக்கு மேலே. ஒரு பக்கம் மட்டும் பிடிச்சிருந்தா, அந்தப் பக்கத்து ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைச்சிருக்கலாம். ரெண்டு பக்கமும்னா, ரெண்டுக்கும் பொதுவான இடத்துக்குப் போகணும்.

நிப்பிளை இறுக்கிடுங்க. அடுத்த தடவை ஜாம் ஆகும்போது, மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோட சேர்க்கிற நட்டுகளைச் சில மில்லிமீட்டர் தளர்த்துங்க. வீல் விட்டா, பூஸ்டர் புஷ்ராடு நீளமா இருக்கு, அல்லது பெடலுக்கு ஃப்ரீ பிளே இல்லை. பிஸ்டன் முழுசாத் திரும்பி வரவே இல்லைன்னு அர்த்தம். இது அட்ஜஸ்ட்மென்ட்தான், பார்ட்ஸ் செலவே இல்லாம முடியலாம். விடலைன்னா மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பாருங்க. யாராவது தெரியாம இன்ஜின் ஆயிலை ஊத்தியிருந்தா உள்ளே ரப்பர் சீல் ஊதி, துவாரத்தை மூடியிருக்கும்.

கவனிங்க, ரெண்டே சோதனைதான். ஒவ்வொண்ணும் தேட வேண்டிய இடத்தைப் பாதியாக்குது. நம்ம பைனரி சர்ச்தான் இது. வேலை முடிஞ்சதும் நட்டெல்லாம் இறுக்கி, ஏர் எடுத்துட்டுத்தான் வண்டியை நகர்த்தணும்.

'ஆறினா சரியாயிடுதே'ன்னு ஓட்டிக்கிட்டே இருக்காதீங்க. டாட் 3 பிரேக் ஆயிலுக்கு, புதுசா இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி. ஈரம் கலந்தால் அந்த வரம்பே 140 டிகிரிதான். ஆயில் கொதித்தால் ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தரை வரை போகும். விடாம பிடிச்ச அதே பிரேக், மலை இறக்கத்துல பிடிக்காமலே போயிடும்.

நீங்களே செய்ய முடியலைன்னா, பிடிச்ச இடத்துக்கே மெக்கானிக்கை வரச் சொல்லுங்க. அடுத்த பார்ட்ஸை வாங்குறதுக்கு முன்னாடி அந்த நிப்பிளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க.