உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஸ்வரத்துக்குப் பல முகங்கள்

அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள லிமவாடி என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜேன் ராஸ் என்ற அம்மையார் சேகரித்தளிக்க, 1855-இல் ஜார்ஜ் பெட்ரியின் தொகுப்பில் கர்த்தாவின் பெயரின்றி அச்சேறி, 1913-இல் பிரெடரிக் வெதர்லியின் சொற்களை ஏற்று 'டேனி பாய்' என்று பிரசித்தி பெற்ற எளிய மெட்டு, டெட் கிரீன் என்னும் அமெரிக்கரின் 1977-ஆம் ஆண்டு இசைத்தட்டில், பக்கவாத்தியம் ஏதுமின்றி ஒற்றைக் கிதாரிலேயே ஜாஸ் ரூபம் கொண்டது.

மெட்டைக் கலைக்காமல் அதன் கீழே நிற்கும் ஸ்வரக் கூட்டை, அதாவது கார்டை, மாற்றுவதே இவ்வித்தையின் சூட்சுமம். மேல் தந்தியில் 'ஸி' ஒலிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஸி மேஜரின்மீது அது வீடு திரும்பிய நிம்மதியாகவும், ஏ மைனரின்மீது மெல்லிய சோகமாகவும், எஃப் மேஜரின்மீது விசாலமாகவும், பி-ஃபிளாட் மேஜரின்மீதோ ஒன்பதாம் ஸ்வரமாகி, பதில் வராத கேள்வியாகவும் தொனிக்கும், ஸ்வரம் மட்டும் அணுவளவும் அசைந்திராது.

இத்தனைக்கும் தந்தியை அழுத்த இடக்கையில் இருப்பவை நான்கே விரல்கள். ஆகையால் அடிஸ்வரத்தைச் சமயம் பார்த்து விட்டுவிட்டு, கூட்டின் குணத்தைக் காட்டும் மூன்றாம், ஏழாம் ஸ்வரங்களை மாத்திரம் நடுத்தந்திகளில் பிடித்துக்கொள்வது வாத்தியக்காரர்களின் சிக்கனம். ஜார்ஜ் வான் எப்ஸ் என்னும் ஜாஸ் கிதார் கலைஞருக்கோ ஆறு தந்திகளே போதவில்லை. 1930-களின் இறுதியில் எபிஃபோன் கம்பெனியாரைக் கொண்டு, தாழ்ந்த 'ஏ' ஒலிக்கும் ஏழாம் தந்தியுடன் ஒரு கிதார் செய்வித்துக்கொண்டார். பேராசை என்று தோன்றலாம். பாஸ் வாசிக்கப் பக்கத்தில் ஆளில்லாதவரின் கஷ்டம் அது.