கியர் மாறும்போது வண்டி ஏன் இடிக்கிறது?

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், முழங்கால் வலியினால் கிளட்சை மிதிப்பது சிரமமாகிவிட்டதென்று, பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினார். ஓராண்டு சுகமாக ஓடிய அந்த வண்டி, ஒரு நாள் காலையில், லீவரை ‘பி’யிலிருந்து ‘டி’க்குத் தள்ளியவுடன், பின்னாலிருந்து யாரோ மோதினாற்போல் ‘தடக்’கென்று இடித்தது, அன்று முதல் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அந்த இடி தொடர்ந்தது. முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப்பில், கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டும், செலவு லக்ஷத்தைத் தாண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலை அவர் முகத்தில் கண்ட கலக்கந்தான் என்னை இதை எழுத வைத்தது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே, ஜெர்மானியப் பொறியாளர் ஃபட்டிங்கர் 1905-இல் கப்பல்களுக்கென்று உரிமை பெற்ற டார்க் கன்வர்ட்டர் என்னும் சாதனம் இருக்கிறது. எதிரெதிராக வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைச் சுழற்றினால் அதன் காற்றில் மற்றதும் சுழல்வதைப் போல, இங்கே ஒரு சக்கரம் வீசும் எண்ணெய் மற்றொரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதற்கு அப்பால் உள்ள பற்சக்கரங்கள் எப்பொழுதும் ஒன்றோடொன்று பிணைந்தே கிடக்கின்றன. எதைப் பிடித்து நிறுத்துவது, எதை ஓடவிடுவது என்பதை, எண்ணெயின் அழுத்தத்தால் இறுகியும் தளர்ந்தும் வேலை செய்கிற கிளட்ச் தட்டுகளே தீர்மானிக்கின்றன. 1939-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ‘ஹைட்ராமேட்டிக்’ வந்த நாள் முதல் இந்த அடிப்படை பெரிதும் மாறவில்லை. ஒரு கிளட்ச் விடும் கணமும் அடுத்தது பற்றும் கணமும் ஒத்துப்போனால், கியர் மாறியதே நமக்குத் தெரியாது. பற்ற வேண்டியது முரட்டு அழுத்தத்தோடு பற்றினால் வண்டி இடிக்கும். தாமதித்துப் பற்றினால், ஆக்ஸிலரேட்டரை மேலும் மிதிக்காமலே எஞ்ஜின் ஒரு கணம் வீறிட்டுப் பிறகு ‘டக்’கென்று விழும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே நோய்நாடலில் பாதி.

இத்தனை காரியத்தையும் செய்வது எண்ணெயாகையால், பரீட்சையும் அதிலிருந்தே தொடங்கவேண்டும். பெரும்பாலான வண்டிகளில், சமதரையில் நிறுத்தி, எஞ்ஜின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கவேண்டும். சிலவற்றில் எஞ்ஜினை அணைத்த பிறகு. டிப்ஸ்டிக்கே இல்லாத புதிய வண்டிகளை லிஃப்டில் ஏற்றி, எண்ணெயின் உஷ்ணத்தை அளந்துகொண்டே பார்க்கவேண்டும். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் புதிய எண்ணெய் செந்நிறமாக, உள்ளிருப்பது தெரியும்படி தெளிந்திருக்கும். கறுத்து, முகர்ந்தால் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகியிருக்கின்றன. பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் ரேடியேட்டர் நீர் உள்ளே புகுந்துவிட்டது, வண்டியை ஓட்டவே கூடாது. அடித்தட்டைக் கழற்றினால் அங்குள்ள காந்தத்தில் மைபோன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சகஜம். விரல்களுக்கிடையே நெருடும் உலோகத் துணுக்குகள் கிடைத்தால்தான் கவலை. எண்ணெய் குறைந்தாலும் மிகுந்தாலும் நுரைத்து அழுத்தத்தைக் கெடுக்குமாகையால், அளவும் வகையும் கைப்புத்தகம் சொல்கிறபடியே இருக்கவேண்டும்.

எண்ணெய் சரியாயிருந்தால் அடுத்தது வண்டியின் கம்ப்யூட்டர். உள்ளே நுழையும் வேகத்தையும் வெளியேறும் வேகத்தையும் சென்ஸர்கள் சொல்ல, அவற்றை நம்பியே அது அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. சென்ஸர் பிசகினால், கியர் பெட்டியைக் காப்பாற்றும் பொருட்டு அழுத்தத்தை உச்சத்தில் வைத்து, ஒரே கியரிலேயே வண்டியை ஓடவைப்பதும் உண்டு. ஸ்கேனரைச் செருகினால் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில நாட்கள் கியர் முரண்டுவது, கம்ப்யூட்டர் மறுபடி பழகிக்கொள்ளும் வரையில்தான்.

சீரான வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது, சாலையில் வரிவரியாகப் போட்ட மேடுகளின்மேல் ஓடுவதைப் போன்ற உதறல் வேறு ஜாதி. பிரேக்கைக் காலால் தொட்ட மாத்திரத்தில் அது நின்றால், டார்க் கன்வர்ட்டரின் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் கிளட்ச்மீதே சந்தேகம் விழும். பல வண்டிகளில் எண்ணெயை மாற்றியதும் இது அடங்கிவிடுகிறது. நம் நாட்டில் 2014-இல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வண்டிகளிலோ, சாதாரண கியர் பாக்ஸின் கிளட்சையே யந்திரம் மிதிப்பதால், ஒவ்வொரு மாற்றத்திலும் தலை சற்று முன்னே அசைவது அவற்றின் ஸ்வபாவம். அதை நோயென்று எண்ணிச் செலவழிக்க வேண்டாம்.

ஆசிரியரின் வண்டியை இரண்டாவதாகப் பார்த்தவர் மரத்தடியில் சிறு ஷெட் வைத்திருக்கும் வயோதிக மெக்கானிக். பானெட்டைத் திறந்து வைத்து, ஆசிரியரைப் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லி, தாம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுகொண்டு, லீவரை ‘டி’க்கும் ‘ஆர்’க்கும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் எஞ்ஜின் நான்கு விரற்கடை எழும்பி விழுந்தது. “பாக்ஸ் மேல பழி போடாதீங்க சார். மவுண்ட் ரப்பர் கிழிஞ்சு கிடக்கு, பாருங்க” என்றார். எஞ்ஜினைத் தாங்கும் இரண்டு ரப்பர்களை மாற்றினார்கள். செலவு ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பெட்டியைத் தொடவே இல்லை.

உங்கள் வண்டி இடிக்கத் தொடங்கினால், காலைக் குளிரிலா, சூடேறிய பின்பா, எந்த கியரில், எந்த வேகத்தில் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு நாள் குறித்து வையுங்கள். அக்காகிதத்தை மெக்கானிக்கிடம் கொடுத்து, அவரை ஓட்டச்சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து போய்வாருங்கள்; எண்ணெயையும் மவுண்டையும் ஸ்கேனரையும் பார்த்து முடியும்வரை பெட்டியை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.