சிங்கப்பூரின் உணவங்காடிகள்

கடல் வாணிகத்தால் வளர்ந்த நகரங்களில் பல நாட்டு மக்கள் கூடி வாழ்தல் இயல்பு. அம்மக்கள் மொழியாலும் சமயத்தாலும் வேறுபடுவர், உணவாலும் வேறுபடுவர். ஒருவர் விரும்பி உண்பதனை மற்றொருவர் தீண்டவும் மாட்டார். இத்தகையோர் ஓரிடத்தில் அமர்ந்து உண்ணுதல் இயலுமோ? இயலும் என்பதற்குச் சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்கள் சான்றாகும்.

1819ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அத்தீவில் வாணிகத் தலம் அமைத்தனர். அதன்பின், முன்னரே ஆங்கு வாழ்ந்த மலாய் மக்களோடு சீனரும் தமிழரும் பிறரும் வந்து கூடினர். துறைமுகத்தில் பாடுபட்ட தொழிலாளருட் பலர், குடும்பத்தைத் தாய்நாட்டில் விட்டு வந்தவர். அவர்தம் பசியைத் தணித்தவர், தோளிலும் தள்ளுவண்டியிலும் உணவு கொணர்ந்து தெருவில் விற்ற எளிய வணிகரே.

ஆயினும், தெருவில் தூய நீர் கிடைத்தல் அரிதாயிற்று. கழிவுகள் சாக்கடையிலும் ஆற்றிலும் சேர்ந்தன. நோய் பரவும் அச்சமும் மிகுந்தது. ஆதலால் அரசு 1968, 1969ஆம் ஆண்டுகளில் அவ்வணிகரைப் பதிவு செய்தது. பின்னர், 1971 முதல் 1986 வரை, குழாய்நீர், மின்சாரம், வடிகால் ஆகிய வசதிகளுடன் நிலையங்கள் கட்டி, அவர்களை அவற்றிற் குடியமர்த்தியது. தெருவும் தூய்மையுற்றது, வணிகர் பிழைப்பும் நிலைபெற்றது. இன்று இத்தகைய நிலையங்கள் நூற்றுக்கு மேல் உள்ளன.

தேக்கா நிலையத்தில் தோசையும் பிரியாணியும் கிடைக்கும். மேக்ஸ்வெல் நிலையம் சீனரின் கோழிச்சோற்றுக்குப் பெயர் பெற்றது. கேலாங் சிராயில் மலாய் உணவுகள் மிகுதி. எனினும், எந்த நிலையமும் ஓரினத்தாருக்கே உரியதன்று. அடுத்தடுத்த கடைகளில் வாங்கிய வெவ்வேறு உணவுகளை, ஒரே மேசையில் வைத்து நண்பர்கள் உண்பர். அவரவர் உணவு நெறிக்கும் ஆங்கு மதிப்புண்டு. இசுலாமியர் ஏற்கும் உணவுக்கான தட்டுகளைத் திருப்பி வைக்கத் தனியிடம் உண்டு.

அண்டை அடுப்பு கற்பித்த பாடமும் ஒன்றுண்டு. 'மீ கோரெங்' என்னும் உணவில், 'மீ' சீனர் சொல். 'கோரெங்' என்பது வறுத்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல். சீனரின் அந்நூலுணவை மசாலாவும் மிளகாயும் கூட்டி வறுத்துத் தமக்குரியதாக்கினர் இந்திய முஸ்லிம்கள். மூவினத்தார் பங்கும் ஒரு தட்டில் அமைந்தமை காண்க.

இப்பண்பாட்டின் சிறப்புணர்ந்த யுனெஸ்கோ நிறுவனம், 2020ஆம் ஆண்டு திசம்பரில் இதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. ஆயினும் பட்டியல் அடுப்பை மூட்டாது. கடைக்காரருட் பலர் முதுமை எய்தியுள்ளனர். விடியுமுன் எழுந்து நெடுநேரம் வெப்பத்தில் நிற்கும் இத்தொழிலை மேற்கொள்ள இளைஞருட் பலர் தயங்குகின்றனர். உண்போர் குறைந்த விலையை நாடுகின்றனர். அரிசி, எண்ணெய், வாடகை ஆகியவற்றின் செலவோ ஏறுகின்றது. உழைப்பவருக்கு உரிய ஊதியமும் மதிப்பும் கிடைத்தாலன்றி இவ்வடுப்புகள் தொடர்ந்து எரியா. பலரையும் ஒரு மேசையில் அமர்த்தும் அறம், அம்மேசைக்கு உணவு சமைப்போரைப் பேணுவதிலேயே தொடங்குகின்றது.