பதிவு பெற்ற செவிலியருக்குப் பட்டப் படிப்பு

தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நகரங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் எதனுள் நுழைந்தாலும், ஏதேனும் ஒரு வார்டிலிருந்து தமிழ்ச் சொல் ஒன்று நம் செவியில் விழும். நாகர்கோவிலிலோ திருச்சியிலோ மதுரையிலோ பள்ளிப் படிப்பை முடித்து, செவிலியர் பள்ளியில் பயிற்சி பெற்று, பிழைப்பை நாடி வெளி மாநிலம் வந்த சகோதரிகள் அவர்கள். பத்து ஆண்டு, இருபது ஆண்டு நோயாளியின் அருகிலேயே நின்றவர்கள். நோயாளியின் மூச்சு மாறுவதை மருத்துவர் வருமுன்னரே கண்டுகொள்ளும் பழுத்த அனுபவம் உடையவர்கள். ஆயினும் அவர்கள் கையில் இருப்பது டிப்ளமா. அவர்களிடம் ஊசி போடக் கற்றுக்கொண்ட இளம் பட்டதாரி, சில ஆண்டுகளில் நர்ஸிங் கல்லூரியில் ஆசிரியையாக அமர்ந்து விடுகிறார். கற்றுக் கொடுத்தவரோ அதே வார்டில், அதே இரவுப் பணியில் இருந்து வருகிறார். இந்த நிலை மாற வழி இல்லையா என்று கேட்போருக்காகவே இன்று பேச முற்படுகிறோம்.

வழி உண்டு, அது புதியதும் அன்று. நம் நாட்டில் செவிலியர் பயிற்சி நெடுங்காலம் ஆஸ்பத்திரியோடு ஒட்டிய பள்ளிகளிலேயே நடந்து வந்தது. சென்னை அரசினர் பொது மருத்துவ மனையில் 1871ஆம் ஆண்டிலேயே அத்தகைய பயிற்சி தொடங்கிற்று. பல்கலைக் கழகப் பட்டம் என்பது 1946இல்தான் வந்தது. அவ்வாண்டு வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும், பிற்காலத்தில் ராஜகுமாரி அம்ருத் கௌர் பெயர் பெற்ற தில்லிக் கல்லூரியிலும் பி.எஸ்ஸி. நர்ஸிங் வகுப்புக்கள் தொடங்கின. முதன் முதலாகப் பட்டம் அளித்த இரண்டு இடங்களுள் ஒன்று தமிழ் மண்ணில் இருப்பதை நேயர்கள் பெருமையுடன் நினைவு கொள்ளலாம். அன்று முதல் இந்நாட்டில் இரண்டு வகைச் செவிலியர் உண்டாயினர்: பள்ளியில் பயின்று டிப்ளமா பெற்றவர் ஒரு வகை, கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர் மற்றொரு வகை. எண்ணிக்கையில் முன்னவரே மிகுதி. ஆசிரியர் பற்றாக்குறையோ பெரிது. ஆகவே, முன்னரே பயிற்சி பெற்றவரை மீண்டும் முதல் வகுப்பில் அமர்த்தாமல், விடுபட்ட பகுதியை மட்டும் கற்பித்துப் பட்டம் அளிக்கும் முறை 1960களின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் உருவாயிற்று. அதுவே இன்று நாடெங்கும் ‘போஸ்ட் பேஸிக் பி.எஸ்ஸி. நர்ஸிங்’ என்று வழங்குகிறது.

இப்பெயரைத் தமிழாக்குவது எளிதன்று. ‘அடிப்படைக்குப் பிந்திய பட்டம்’ என்றால் சொல்லுக்குச் சொல் சரியாகலாம், பொருள் விளங்காது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு ‘நிறைவுப் பட்டம்’ என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஏற்கெனவே கட்டிய வீட்டிற்கு மாடி எழுப்புவது போன்றது இது. அஸ்திவாரத்தைத் தோண்டி எறிவதன்று.

கல்லூரிக்கு நேரில் சென்று பயில்வோருக்கு இப்படிப்பு இரண்டு ஆண்டு. புதிதாகச் சேரும் மாணவிக்கு நான்கு ஆண்டு ஆகும் பட்டம், டிப்ளமா பெற்றவருக்குப் பாதிக் காலத்தில் கிடைக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, ஜெனரல் நர்ஸிங்–மிட்வைஃபரி டிப்ளமா, மாநில நர்ஸிங் கவுன்சிலில் செவிலியாகவும் மருத்துவச்சியாகவும் பெற்ற பதிவு, உடல் நலச் சான்று ஆகியவை வேண்டும். பத்தாம் வகுப்போடு பயிற்சிக்குச் சென்ற மூத்த சகோதரிகள், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாகப் பன்னிரண்டாம் வகுப்பை முதலில் முடித்துக்கொள்வது நலம். ஆண் செவிலியருக்கு ஒரு சொல்: 2004–05இல் டிப்ளமாப் பாடத்திட்டம் ஒருங்கிணைக்கப்படுமுன் பயின்ற ஆடவர் பலர் மகப்பேற்றுப் பயிற்சி பெற்றதில்லை. அதற்கு ஈடாக அவர்கள் பெற்ற மனநலம், கண் மருத்துவம், அறுவைக் கூடம் போன்ற பயிற்சியின் சான்றிதழைக் காட்ட வேண்டும். பெட்டியின் அடியில் கிடக்கும் அந்தத் தாளை இப்போதே தேடி எடுத்து வைப்பது நன்று.

இவ்விரண்டு ஆண்டில் கற்பிப்பது என்ன? நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உணவியல், உளவியல், மகப்பேறு, குழந்தை நலம், பொது மருத்துவமும் அறுவை மருத்துவமும் சார்ந்த பணி ஆகியவை முதல் ஆண்டில் வருகின்றன. சமூகவியல், சமுதாய நலம், மனநலம், கற்பிக்கும் முறை, நிர்வாகம், ஆராய்ச்சியும் புள்ளியியலும் இரண்டாம் ஆண்டில் வருகின்றன. “இருபது ஆண்டு வார்டில் இருந்தவளுக்குப் புள்ளியியல் எதற்கு?” என்று ஒருவர் கேட்கக் கூடும். ஒரு வார்டில் படுக்கைப்புண் மிகுகிறது என்று அனுபவம் உள்ள செவிலிக்குக் கண்ணே சொல்லி விடும். எத்தனை நோயாளிகளுள் எத்தனை பேருக்கு, எந்த மாதம் முதல், ஆட்குறைவுக்கு முன்னா பின்னா என்று எண்ணிக் காட்டினால்தான் ஆஸ்பத்திரி நிர்வாகம் செவி சாய்க்கும். கண் கண்டதைக் காகிதத்தில் நிறுவும் கல்வியே அது.

பட்டத்திற்கும் நோயாளியின் உயிருக்கும் தொடர்பு உண்டா என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் பென்ஸில்வேனியா மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சை பெற்றோரின் விவரங்களை ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். ஓர் ஆஸ்பத்திரியின் செவிலியருள் பட்டதாரிகளின் பங்கு நூற்றுக்குப் பத்து கூடியிருக்குமிடத்து, நோயாளிகள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து அளவு குறைந்திருப்பதை அவர்கள் கண்டனர். நியூயார்க் மாநிலம் 2017இல் இயற்றிய சட்டம், அங்குப் புதிதாகப் பதிவு பெறும் செவிலியர் பத்து ஆண்டுக்குள் பட்டம் பெற வேண்டும் என்கிறது. அங்கத்திய கணக்கை இங்கே அப்படியே பொருத்துதல் கூடாது. நம் வார்டுகளில் ஒரு செவிலி பார்க்க வேண்டிய நோயாளிகளின் தொகையே வேறு. பட்டம் ஒன்றினாலேயே உயிர் பிழைக்கிறது என்று அந்த ஆராய்ச்சி மெய்ப்பிக்கவும் இல்லை. ஆயினும், செவிலியின் கல்வி சம்பளப் பட்டியலோடு மட்டும் நிற்கும் விஷயமன்று என்பது விளங்குகிறது.

சம்பளத்தையும் பேசத்தான் வேண்டும். அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகங்களுக்கு 2020 முதல் நடைபெற்று வரும் பொது ஆட்சேர்ப்புத் தேர்வை எடுத்துக்கொள்வோம். டிப்ளமா மட்டும் உடையவர், ஐம்பது படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு ஆண்டு பணி புரிந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். நிறைவுப் பட்டம் உடையவருக்கு அந்த நிபந்தனை இல்லை. சிறு நர்ஸிங் ஹோமில் ஆண்டுக் கணக்காக உழைத்து, அந்த அனுபவம் கணக்கில் வராமற் போன சகோதரிகளுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டு ஆண்டு வேலையை விட்டுப் படிப்பது எல்லோருக்கும் இயல்வதன்று. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகிய இவற்றிடையே அது எங்ஙனம் கூடும்? இத்தகையோருக்காக இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 1990களில் இப்பட்டத்தைத் தன் முறையில் நடத்தத் தொடங்கியது. பதிவு பெற்று வேலையில் இருப்போரே இதில் சேரலாம். நுழைவுத் தேர்வு உண்டு. படிப்புக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் டிப்ளமா பெற்றவருக்கும், பத்தாம் வகுப்போடு பெற்றவருக்கும் வேண்டிய அனுபவ ஆண்டுகள் வேறு வேறாதலால், அவ்வப்போதைய அறிவிப்பைப் படித்தே விண்ணப்பிக்க வேண்டும். ‘தபாலில் படிப்பு’ என்று எண்ணி ஏமாறுதல் வேண்டா. செய்முறை வகுப்புக்கள் குறிப்பிட்ட நர்ஸிங் கல்லூரிகளில் நடைபெறுகின்றன. அங்கே சென்று, வார்டில் நின்று, மேற்பார்வையில் பணி செய்தாக வேண்டும். இரவுப் பணி முடித்துக் கண் சிவக்க வகுப்பில் அமர்ந்து பட்டம் பெற்றோர் பலர் உளர்.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், வசதி இருப்போர் கல்லூரிக்கே செல்லுதல் நலம் என்போம். ஒத்த வயதினரோடு வாதாடிக் கற்பதும், வேறோர் ஆஸ்பத்திரியின் நடைமுறையைக் கண்ணாரக் காண்பதும் தனித்துப் படிப்போருக்கு முழுமையாகக் கிட்டுவதில்லை. வசதி இல்லாதோர் அதை எண்ணி ஆண்டுகளைக் கடத்துவதோ வீண்.

வெளி மாநிலத் தமிழருக்கு உண்மையான இடர்ப்பாடு பாடத்தில் இல்லை, பதிவில் இருக்கிறது. செவிலியர் பதிவு மாநிலந்தோறும் தனித்தனியே நடைபெறுவது. சென்னையில் உள்ள கவுன்சில் 1926ஆம் ஆண்டின் சட்டத்தின் வழி வந்தது. கருநாடகத்திற்கு 1961இலும், மகாராஷ்டிரத்திற்கு 1966இலும், தில்லிக்கு 1997இலும் தனிச் சட்டங்கள் இயற்றப் பெற்றன. சென்னையில் பதிந்துவிட்டு மும்பையில் வேலை பார்ப்பவர், அங்கே கல்லூரியில் சேர முற்படுகையில் அம்மாநிலப் பதிவைக் கேட்பதும் உண்டு. அதற்குப் பரஸ்பரப் பதிவு என்று பெயர். புதிய மாநிலக் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய கவுன்சில் ‘இவர் எம்மிடம் பதிந்தவரே’ என்று உறுதி செய்ய வேண்டும். அந்த உறுதி வந்து சேர மாதங்கள் ஆகலாம். கல்லூரியின் கடைசித் தேதியோ காத்திருப்பதில்லை. ஆதலின் விண்ணப்பப் படிவம் வாங்கு முன்பே பதிவு வேலையைத் தொடங்கி விடுதல் வேண்டும்.

பதிவைப் புதுப்பித்தலும் அவ்வாறே. பல மாநிலங்களில் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஊரை விட்டு வந்த பின் இதை மறந்தவர் அநேகர். திருமணத்திற்குப் பின் பெயர் மாற்றிக்கொண்டோர், தந்தை பெயரின் முதலெழுத்துக்குப் பதிலாக வடநாட்டு வழக்கப்படி கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டோர் ஆகியோருடைய மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயரும், டிப்ளமாவில் ஒரு பெயரும், ஆதார் அட்டையில் வேறொரு பெயரும் இருப்பதுண்டு. தமிழ்ப் பெயரின் முதலெழுத்தை விரித்து எழுதச் சொல்லும் வடநாட்டு எழுத்தரிடம் நம்மவர் படும் பாடு தனிக் கதை. இப்பெயர்களை ஒன்றாக்கிக்கொள்ளாமல் எங்கும் விண்ணப்பிக்கலாகாது. நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடு வேண்டும் என்னும் எண்ணத்தில் இந்திய நர்ஸிங் கவுன்சில் தேசிய அடையாள எண் வழங்கும் முறையைக் கொண்டு வந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய செவிலியர் ஆணையச் சட்டமும் தேசியப் பதிவேட்டிற்கு இடம் தருகிறது. அடையாள எண் பெறாதோர் தத்தம் மாநிலக் கவுன்சில் வாயிலாக அதைப் பெற்றுக்கொள்ளலாம்.

மத்திய அரசின் ஆஸ்பத்திரிகளில் பணி புரிவோர் படிப்பு விடுமுறையையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் விடுமுறை விதிகளின்படி, ஐந்து ஆண்டு பணி முடித்தவருக்குச் சாதாரணமாக ஒரு தடவைக்கு 12 மாதமும், பணிக்காலம் முழுவதற்கும் 24 மாதமும் படிப்பு விடுமுறை அளிக்கலாம். இந்தியாவிலேயே படிப்போருக்கு அக்காலத்தில் சம்பளம் உண்டு. திரும்பி வந்து குறித்த காலம் பணி செய்வதாகப் பத்திரம் எழுதித் தர வேண்டும். இது கேட்டவுடன் கிடைக்கும் உரிமையன்று. அப்படிப்பு அரசுப் பணிக்குப் பயன்படும் என்று அதிகாரி கருத வேண்டும். செவிலிக்கு நர்ஸிங் பட்டத்தைவிட வேறெது பயன்படும் என்பதை விண்ணப்பத்தின் முதல் வாக்கியத்திலேயே தெளிவாக எழுதுவது தவறன்று. தனியார் ஆஸ்பத்திரியில் இருப்போர், சேரு முன்பே நிர்வாகத்துடன் எழுத்து மூலம் பேசிக்கொள்ளுதல் வேண்டும். வாய்ச் சொல் மேட்ரன் மாறியவுடன் மாறிவிடும்.

பணம் கட்டு முன் ஓர் எச்சரிக்கை. ‘வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்’ என்று தரகர் எவரேனும் சொன்னால், அக்கல்லூரியை அக்கணமே மறந்து விடுவது நல்லது. கல்லூரி எந்தப் பல்கலைக் கழகத்தோடு இணைந்தது, அதன் பட்டத்தை உங்கள் மாநிலக் கவுன்சில் பதிவுக்கு ஏற்குமா என்னும் இரண்டையும் கவுன்சில் அலுவலகத்திலேயே கேட்டறிய வேண்டும். பட்டம் கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: அதைக் கூடுதல் தகுதியாகக் கவுன்சிலில் பதிவு செய்தல். அதைச் செய்து முடித்து, மொத்தத்தில் நூற்றுக்கு 55 மதிப்பெண்ணும், பட்டத்திற்கு முன்போ பின்போ ஓராண்டுப் பணி அனுபவமும் உடையவருக்கு எம்.எஸ்ஸி. நர்ஸிங் வகுப்பிலும் விண்ணப்பிக்க இடம் உண்டு.